சுவரெல்லாம் பொற்கொடி

உங்களுக்கும் சொட்டு விட்டாச்சா? அப்ப கண்ணை மூடிக்கோங்கம்மா. திறந்து திறந்து பார்த்தீங்கன்னா அந்த நர்ஸ் பொண்ணு மறுபடியும் வந்து சொட்டு விடும், இன்னொரு முக்கால் மணி நேரம் உட்காரணும். போன தடவை எனக்கு அப்படித்தான் ஆச்சு. மூடிக்கிட்டே பேசலாம். நீங்க எப்படி இருப்பீங்கன்னு எனக்குத் தெரியாது, நான் எப்படி இருப்பேன்னு உங்களுக்குத் தெரியாது. அதுவும் ஒரு விதத்துல சௌகரியம்தான்.

என்ன வேலை பார்த்தீங்கன்னு கேட்டீங்கல்ல. படம் வரையறதுதான் வேலை. டிராயிங் டீச்சரான்னுதான் எல்லாரும் கேட்பாங்க. டீச்சர் இல்லை. விளம்பரக் கம்பெனியில இருபத்தாறு வருஷம் இருந்தேன். தலைவலித் தைலம், சீயக்காய்ப் பொடி, பம்ப் செட்டு, குழந்தைக்குப் போடற பவுடர், எல்லாத்துக்கும் வரைஞ்சிருக்கேன். வாரப் பத்திரிகையில கதைக்குப் படம் போட்டிருக்கேன். உங்க வீட்டுக் காலண்டர்லகூட நான் வரைஞ்ச லட்சுமி இருந்திருக்கலாம். கீழ் மூலையில சின்னதா 'வல்லி'ன்னு போட்டிருப்பேன். முழுப்பேர் செண்பகவல்லி, ஊர் கோவில்பட்டி. பொம்பளைப் பேர்ல வரையற ஆம்பளைன்னு நினைச்சுக்கிட்டு 'வல்லி சார்'னு லெட்டர் போடுவாங்க. நான் திருத்தினதில்லை.

எங்க அப்பா சிவகாசியில ஒரு அச்சாபீஸ்ல லேபிள் வரையறவர். தீப்பெட்டி மேல கோழி, கப்பல், சாவி, அதெல்லாம். எனக்கு ஒன்பது வயசுல அவர் வரைஞ்ச கோழிக்குக் கால் தப்பா இருக்குன்னு சொன்னேன். அடிக்காம, நீயே போடுன்னு பிரஷைக் கையில குடுத்துட்டார். அப்படித்தான் ஆரம்பிச்சது. பதினெட்டு வயசுல மெட்ராஸுக்கு ஓவியக் கல்லூரிக்கு அனுப்பினார். வயசுப் பொண்ணை ஆம்பளைகளோட படம் வரைய அனுப்பறியான்னு சித்தப்பா பேச்சை நிறுத்திட்டார். எங்க வகுப்புல ரெண்டே பொண்ணுங்க. அந்த இன்னொருத்தி கல்யாணமாகிப் போயிட்டா. எனக்கு அது அதுவா தள்ளிப் போச்சு. அதை விடுங்க.

எனக்கு ஒரு குறை உண்டு. பார்க்காத மூஞ்சியை வரைய வராது. கம்பெனியில மத்தவங்க உட்கார்ந்த இடத்துல ஒரு பொம்பளையை, ஒரு குழந்தையை, சும்மா மனசுலேர்ந்து எடுத்துப் போட்டுருவாங்க. எல்லாம் பொம்மை மாதிரி இருக்கும். எனக்கு நிஜமான மூஞ்சி ஒண்ணு வேணும். நான் வரைஞ்ச லட்சுமி எங்க தெருவுல இட்லி விக்கிற அம்மா. தைலம் தேய்ச்சுக்கிட்டு நெத்தியைப் பிடிச்சிருக்கிறவர் எங்க ஆபீஸ் அக்கவுண்டன்ட். யாரையும் கேட்டு வரையலை. அன்னிக்கெல்லாம் யார் கேட்டா? இட்லிக்காரம்மாகிட்ட ஒருநாள் காலண்டரைக் காட்டினேன். நல்லாருக்கு கண்ணு, யாரு இதுன்னாங்க. அவ்வளவுதான்.

அப்ப நான் அயனாவரத்துல குடியிருந்தேன். ஒரே முத்தம், சுத்தி அஞ்சு குடித்தனம். எனக்கு நேர் எதிர் வீட்டுல முனிரத்தினம்னு ஒருத்தர், லேத் பட்டறையில வேலை. அவர் பெண்சாதி தனகோடி. ரெண்டு பேரும் அரக்கோணம் பக்கம். தனகோடிக்கு என்னைவிட நாலஞ்சு வயசு கம்மி. பொண்ணு பொற்கொடி, அப்ப அஞ்சு முடிஞ்சு ஆறு. பையன் உதயன், நாலு வயசு. நான் ஆபீஸ்லேர்ந்து வர நேரமாச்சுன்னா தனகோடி ஒரு கிண்ணத்துல குழம்பு வச்சு மூடி, என் வீட்டு ஜன்னல்ல வச்சிருப்பா. அதுக்கு நான் என்னைக்கும் நன்றி சொன்னதில்லை. சொன்னா கோவிச்சுக்குவா, அந்த மாதிரி.

ஞாயித்துக்கிழமையானா நான் நோட்டை எடுத்துக்கிட்டு வாசப்படியில உட்கார்ந்துருவேன். பொற்கொடி வருவா. அவளை வரையறதுன்னா லேசுப்பட்ட காரியம் இல்லை. ஒரு இடத்துல நிக்காது. மூக்கைப் போடறதுக்குள்ள பின்னலைக் காட்டும், பின்னலைப் போடறதுக்குள்ள பம்படிக்கு ஓடிப் போயிருக்கும். நாலு கோட்டுல பிடிக்கணும். என் கை வேகமானதே அவளாலதான்னு சொல்லுவேன். பெரிம்மா, என்னை ராணியாட்டம் போடுன்னு கேட்கும். ராணி சும்மா உட்காருவா, நீ உட்காருன்னு சொல்லுவேன். உட்காராது.

எழுபத்தஞ்சு கடைசியில கம்பெனிக்கு அரசாங்கத்துலேர்ந்து ஒரு வேலை வந்துச்சு. குடும்பக் கட்டுப்பாட்டுப் போஸ்டர். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எந்த ஆஸ்பத்திரிச் சுவர்ல பார்த்தாலும், எந்த பஸ் ஸ்டாண்டுல பார்த்தாலும் அப்பா அம்மா ரெண்டு பிள்ளைன்னு ஒரு படம் இருக்கும்ல, அந்த மாதிரி. எங்க ஆர்ட் டைரக்டர் கிருபாகரன் என்னைக் கூப்பிட்டு, "வல்லி, எல்லா போஸ்டரும் செத்த மாதிரி இருக்கு. இதைப் பார்க்கிறவன் நின்னு பார்க்கணும்"னார்.

நான் மூணு நாள்ல போட்டுக் குடுத்தேன். முனிரத்தினம் பையனைத் தோள்ல வச்சிருக்கார். தனகோடி பக்கத்துல. பொற்கொடி முன்னால நின்னு, நேரா நம்மளைப் பார்த்துச் சிரிக்கிறா. முன் பல் ரெண்டும் விழுந்து, அந்த ஓட்டையோட. நான் சொல்றேன்னு நினைக்காதீங்க, என் வாழ்நாள்லயே நான் வரைஞ்சதுல அதுதான் உசத்தி. கிருபாகரன் கையைக் கட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், "பல்லைப் போட்டுருங்க. அரசாங்கப் போஸ்டர்ல ஓட்டைப் பல் வேண்டாம்"னார். போட்டுட்டேன். ரெண்டு வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதானே.

பொங்கல் முடிஞ்சு ஒட்ட ஆரம்பிச்சாங்க. முனிரத்தினம்தான் முதல்ல பார்த்துட்டு ஓடி வந்தார். "அக்கா, எங்களைப் போட்டுட்டீங்களே" அப்படின்னார். கோபமா சந்தோஷமான்னு எனக்குப் புரியலை. அப்புறம் பார்த்தா தனகோடிக்கு நல்ல புடவையைக் கட்டிவிட்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டுப் போய் ஒவ்வொரு சுவரா காட்டிட்டு வர்றார். பொற்கொடி அந்தப் படத்துப் பக்கத்துல நின்னு அதே மாதிரி சிரிச்சுக் காட்டுச்சாம், ரோட்டுல போறவங்கல்லாம் நின்னு பார்த்தாங்களாம். சந்தோஷமாத்தான் இருந்தாங்க. இதை நான் எதுக்குச் சொல்றேன்னா, பின்னாடி நடந்ததை வச்சு முன்னாடி நடந்ததையும் தப்புன்னு சொல்லக்கூடாது.

பட்டறையில கேலி ஆரம்பிச்சது அப்புறம்தான். எமர்ஜென்சி வேற. எங்க பார்த்தாலும் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் கேம்ப். 'போஸ்டர்ல மட்டும் ரெண்டு போதும்னு சிரிக்கிற, கேம்ப்புக்கு எப்ப போகப்போற'ன்னு கேட்டிருக்காங்க. ஒருநாள் முனிரத்தினம் என் வாசல்ல வந்து நின்னார்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். அந்த ஆபரேஷன் பண்ணிக்கலாமா? நீங்க படிச்சவங்க."

"பண்ணிக்கிட்டா என்ன? ரெண்டு முத்தா இருக்கு. இன்னும் எதுக்கு?"

"தனம் இன்னொண்ணு வேணும்ன்றா."

"அவ சொல்லுவா. வளர்க்கறது நீங்கதானே."

அவ்வளவுதான் நான் சொன்னது. சும்மா சொன்னேன். யார் கேட்டிருந்தாலும் அன்னிக்கு அதைத்தான் சொல்லியிருப்பாங்க.

தனகோடியும் வந்து கேட்டா. அவ கேட்ட விதம் வேற. அடுப்படியில என் பக்கத்துல குந்தி, "அக்கா, நீ சொன்னா அது கேக்கும். இப்ப வேணாம், ரெண்டு வருசம் போவட்டும்னு சொல்லேன்"னா. நான் என்ன பண்ணேன்னா, அவளுக்கு விளக்கிச் சொன்னேன். உடம்பு, செலவு, பிள்ளைகளோட படிப்பு. போஸ்டர்ல இருந்ததெல்லாம்தான். அவ கேட்டுக்கிட்டே இருந்தா. கடைசியில, "சரிக்கா"ன்னா.

இல்லை, முழுசா சொல்லிடறேன். உங்க மூஞ்சியை நான் பார்க்கப் போறதில்லை. அந்தப் போஸ்டர் நல்லாப் போச்சு. அரசாங்கத்து அதிகாரி ஒருத்தர் கம்பெனிக்கு வந்து, இன்னும் ஆறு போஸ்டர், எல்லாம் இதே கை வரையணும்னார். அப்ப கிருபாகரன் அவர்கிட்ட, இது நிஜக் குடும்பம் சார், வல்லிக்குத் தெரிஞ்சவங்கன்னு சொல்லிட்டார். அதிகாரி உடனே, அவங்க கேம்ப்புக்கு வந்தா போட்டோ பிடிச்சுப் பேப்பர்ல போடலாமேன்னார். ரெண்டு பேரும் என்னைப் பார்த்தாங்க. கேட்டுப் பார்க்கிறேன்னு சொன்னேன். அதனால முனிரத்தினம் என் வாசல்ல வந்து நின்னப்ப, நான் எப்படிக் கேட்கிறதுன்னு யோசிச்சுக்கிட்டிருந்த விஷயத்தை அவரே கேட்டார். அவர் ஆபரேஷன் பண்ணிக்கிட்டார், கேம்ப்புக்கு நானும் கூடப் போனேன். ஒரு ஸ்கூல்ல நடந்துச்சு. போட்டோ பிடிச்சாங்க. பேப்பர்ல வரலை. அந்தப் போட்டோவை அவங்களுக்கும் யாரும் குடுக்கலை.

ஆறு போஸ்டரும் எனக்குத்தான் வந்துச்சு.

அந்த வருஷம் நவம்பர்ல நல்ல மழை. முத்தத்துல கணுக்கால் தண்ணி. ஒரு புதன்கிழமை பொற்கொடிக்குக் காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. மூளைக்காய்ச்சல்னு சொன்னாங்க. அப்ப எங்க பக்கம் நிறையப் பிள்ளைகளுக்கு வந்துச்சு. நாலு நாள். ஞாயித்துக்கிழமை காலையில முனிரத்தினம் பிள்ளையைப் போர்வையில சுத்தித் தூக்கிக்கிட்டு, ரிக்‌ஷாவுல வந்து இறங்கினார். நான் வாசல்ல பல் தேய்ச்சுக்கிட்டு நின்னேன். வாய் கொப்பளிக்கக்கூட முடியலை, அப்படியே நின்னுட்டேன்.

பிள்ளையை அடக்கம் பண்ணத் தூக்கிட்டுப் போன வழியில ஒரு டிஸ்பென்சரி. சுவர்ல பொற்கொடி இருக்கிற அதே போஸ்டர் அஞ்சு, வரிசையா. மழையில நனைஞ்சும் சாயம் போகலை. நல்ல இங்க்ல அடிச்சிருந்தாங்க. ஆம்பளைங்க யாரும் அந்தப் பக்கம் தலையைத் திருப்பலை. முனிரத்தினம் மட்டும் திரும்பிப் பார்த்தார்னு பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னார்.

பத்து நாள் கழிச்சு தனகோடி என்கிட்ட வந்தா. உட்காரலை. கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா.

"அக்கா, அத எடுத்துடு."

"எதை தனம்?"

"செவுத்துல கீற படத்த. நீ போட்டதுதானே. பால் வாங்கப் போனா அங்க நிக்கறா. ரேசன் கடைக்குப் போனா அங்க நிக்கறா. பல்லு மொளைச்ச மாதிரி வேற போட்டு வச்சிருக்க. அவளுக்கு எங்க முழுசா மொளைச்சுது?"

"அது என் கையில இல்லம்மா. அரசாங்கத்துது."

"நீ போய்ச் சொன்னா கேக்க மாட்டாங்களா?"

"சொல்றேன்."

ரெண்டு நாள் கழிச்சுக் கேட்டா. சொல்லிட்டேன், பார்க்கிறாங்களாம்னேன். நான் போகலை. அந்த வாரம் ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி. அதுவும் இல்லாம, அந்தப் போஸ்டரை டெல்லியில ஒரு போட்டிக்கு அனுப்பியிருந்தாங்க. அந்தச் சமயத்துல போய், செத்துப் போன குழந்தை படம், எடுத்துருங்கன்னு சொன்னா எப்படி இருக்கும்? சொல்லியிருந்தாலும் எடுத்திருக்க மாட்டாங்க. ஊர் பூரா ஒட்டினதை யார் எடுப்பா?

அவதான் எடுத்தா. தோசைத் திருப்பியை எடுத்துக்கிட்டு, ஒரு வாளியில தண்ணியும் எடுத்துக்கிட்டுப் போயிருவா. பட்டப்பகல்லதான். சுவர்ல தண்ணியை ஊத்தி ஊற வச்சு, சுரண்டுவா. மத்த மூணு பேரையும் விட்டுட்டுப் பொற்கொடி இருக்கிற இடத்தை மட்டும் சுரண்டுவா. உதயன் கூடவே வாளியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். முதல்ல டிஸ்பென்சரி, அப்புறம் ரேசன் கடை, அப்புறம் பஸ் ஸ்டாப். ஒரு மாசத்துல எங்க பக்கம் ஒரு சுவர்லயும் அவ மூஞ்சி இல்லை. அப்பா, அம்மா, பையன், நடுவுல காரை தெரியற ஒரு பள்ளம். முனிரத்தினம் பட்டறைக்கு லீவு போட்டுட்டு வந்து கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வருவார். மறுநாள் மறுபடி போவா. இன்னும் தள்ளிப் போவா. ஓட்டேரி, புரசவாக்கம் வரைக்கும் போயிட்டா.

அந்தச் சமயம் அரசாங்கத்து நோட்டீஸைக் கிழிக்கறதுன்னா விளையாட்டு இல்லை. ஒருநாள் ஒரு போலீஸ்காரர் பிடிச்சு ஸ்டேஷன்ல உட்கார வச்சுட்டார். யார் சொல்லி நீ இதைப் பண்றேன்னு கேட்டிருக்காங்க. யாரும் சொல்லலை, அது என் புள்ளைன்னு இவ சொல்லியிருக்கா. அவங்க நம்பலை. எதிர்வூட்டு அக்காதான் போட்டாங்க, அவங்களைக் கேளுங்கன்னு என் கம்பெனிப் பேரைச் சொல்லியிருக்கா.

கம்பெனிக்குப் போன் வந்துச்சு. கிருபாகரன் என் கூடவே கிளம்பினார். டாக்ஸியில போகும்போது சொன்னார்: "வல்லி, நாம கையெழுத்துப் போட்டுக் குடுத்த பேப்பர்ல, படத்துல இருக்கிறவங்க யாரையும் குறிக்கலைன்னு போட்டிருக்கு. ஞாபகம் வச்சுக்கோங்க. இதைப் பெரிசாக்கினா கம்பெனிக்குத்தான் கஷ்டம்."

"அந்த அதிகாரிக்கே தெரியுமே சார்."

"அவர் வாயால சொன்னது வேற. எழுத்துல இல்லை."

ஸ்டேஷன்ல தனகோடி பெஞ்சுல உட்கார்ந்திருந்தா. மடியில தோசைத் திருப்பி. உதயன் அவ மேல சாஞ்சு தூங்கிக்கிட்டிருந்துச்சு. என்னைப் பார்த்ததும் எந்திரிச்சா. எனக்கு இன்னும் அது கண்ணுல இருக்கு. அவ மூஞ்சியில ஒரு தெம்பு. வந்துட்டா, இனிமே சரியாயிடும்ங்கற மாதிரி.

இன்ஸ்பெக்டர் மரியாதையாத்தான் கேட்டார். மேஜை மேல கிழிஞ்ச போஸ்டர் ஒண்ணை விரிச்சு வச்சிருந்தார்.

"நீங்கதான் வரைஞ்சதாம்மா?"

"ஆமா சார்."

"இது தன்னோட குழந்தைன்னு இந்தம்மா சொல்றாங்க. அப்படியா?"

நான் தனகோடியைப் பார்க்கலை. போஸ்டரைத்தான் பார்த்தேன்.

"இல்லை சார். கற்பனையா வரைஞ்சது. பொதுவா ஒரு குழந்தை."

"பின்னே எதுக்கு இப்படிச் சொல்றாங்க?"

"குழந்தை இறந்து போச்சு சார். பாவம், எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் அவங்களுக்கு அப்படித் தெரியுது."

அப்படிச் சொன்னதாலதான் அவளை விட்டாங்க. அதை நீங்க கவனிக்கணும். பெத்தவ துக்கத்துல புத்தி தடுமாறிக் கிழிச்சிருக்கான்னு எழுதிக்கிட்டு விட்டுட்டாங்க. நான் ஆமா, அவ பிள்ளைதான்னு சொல்லியிருந்தா என்னென்ன கேள்வி வந்திருக்கும், கேஸ் எங்க போய் நின்னிருக்கும், யாருக்குத் தெரியும்? அவ நல்லதுக்கும்தான் அது. இதை நான் எனக்கு நானே நிறைய தடவை சொல்லிப் பார்த்துட்டேன்.

டாக்ஸியில கூப்பிட்டேன், ஏறலை. பையனை இடுப்புல தூக்கிக்கிட்டு நடந்தே போயிட்டா. அழுது சண்டை போடுவான்னு நினைச்சேன். தை பிறக்கறதுக்குள்ள வீட்டைக் காலி பண்ணிட்டு ஊருக்குப் போயிட்டாங்க. போற அன்னிக்கு நான் ஆபீஸ்ல இருந்தேன். திரும்பி வந்து பார்த்தா எதிர் வீட்டுல பூட்டு. என் ஜன்னல்ல ஒண்ணும் இல்லை.

டெல்லியில முதல் பரிசு கிடைச்சது. போய் வாங்கிட்டு வந்தேன்.

வந்ததுக்கப்புறம் கிருபாகரன் பிஸ்கட் விளம்பரம் ஒண்ணு குடுத்தார். ஒரு குழந்தை கையில பிஸ்கட்டோட. உட்கார்ந்தேன், வரலை. கை நடுங்குச்சு, கண்ணீர் வந்துச்சு அப்படியெல்லாம் இல்லை. கோடு நல்லாவே வரும், வந்ததுல குழந்தை இருக்காது. அப்புறம் குழந்தை வேலையெல்லாம் வேற ஆளுக்குப் போயிருச்சு. பொம்பளைக்குக் குழந்தை வரைய வரலை பாருன்னு ஆபீஸ்ல சிரிப்பாங்க. எனக்குப் பம்ப் செட்டு, டிராக்டர், டார்ச் லைட்டு. அதுல நான் கெட்டிக்காரி ஆயிட்டேன்.

வீட்டுல எனக்குன்னு ஆயில் பெயின்டிங் பண்ண ஆரம்பிச்சேன். சுவர். வெறும் சுவர். ஊறின காகிதம், சுரண்டின தடம், நடுவுல காரை தெரியற பள்ளம். வருஷக்கணக்கா அதையேதான் போட்டேன். தொண்ணூத்தி நாலுல ஒரு கேலரியில வச்சாங்க. பேப்பர்ல எழுதினாங்க. நகரத்தின் தனிமைன்னு ஒருத்தர். காலத்தின் அரிப்புன்னு ஒருத்தர். நாப்பத்தொன்பது வயசுல எனக்குப் பேர் வந்துச்சு. இப்பவும் அந்தச் சுவர்ப் படத்தாலதான் என்னைத் தெரியும், தெரிஞ்சவங்களுக்கு.

அந்தக் கேலரிக்கு ஒரு சாயங்காலம் ஒரு பையன் வந்தான். இருபத்திரெண்டு வயசு இருக்கும், பேங்க்ல புதுசா வேலைக்குச் சேர்ந்திருக்கான். ஒவ்வொரு படமா பார்த்துட்டு என்கிட்ட வந்து, "பெரிம்மா, நான் உதயன்"னான்.

அம்மா எப்படி இருக்கா, அப்பா எப்படி இருக்கார்னு ஏதேதோ கேட்டேன். இருக்காங்கன்னான். அப்புறம் படத்தைக் காட்டி, "இது அம்மா சுரண்டினதுதானே?"ன்னான். ஆமான்னேன். அவன் அதுக்கு மேல அதைப் பத்திக் கேட்கலை.

"பேப்பர்ல உங்க பேரைப் பார்த்துட்டு அம்மாகிட்ட சொன்னேன். அம்மா ஒண்ணு கேட்டுட்டு வரச் சொல்லுச்சு. எங்க வீட்டுல அக்கா போட்டோ ஒண்ணுகூட இல்லை. எடுக்கவே இல்லை. இருந்தது அந்தப் போஸ்டர்தான். அதையும் கிழிச்சுட்டோம். உங்ககிட்ட ஏதாவது படம் இருக்குமா?"

இருந்துச்சு. அந்த நோட்டு. முப்பத்தேழு படம், எல்லாம் பொற்கொடி. இருக்குன்னு சொன்னேன். ஆனா உடனே போகலை, ஒரு மாசம் ஆச்சு. கேலரிக்காரர் அந்த நோட்டைப் பார்த்திருந்தார். இதுதான்மா உங்க பொக்கிஷம், யாருக்கும் குடுத்துராதீங்கன்னு சொல்லியிருந்தார். அதையும் யோசிச்சேன். யோசிக்கலைன்னு சொன்னா பொய்.

ஒரு சனிக்கிழமை ரயிலேறி அரக்கோணம் போனேன். உதயன் ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிக்கிட்டுப் போனான். முனிரத்தினம் வாசல்ல கட்டில்ல உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எந்திரிச்சுத் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு வெளியே போயிட்டார். நான் இருந்த வரைக்கும் திரும்பி வரலை. தனகோடிக்குத் தலை பாதி நரைச்சிருந்துச்சு. "வாக்கா"ன்னா. தண்ணி குடுத்தா. நான் நோட்டைக் குடுத்தேன்.

பிரிக்காம மடியில வச்சுக்கிட்டா.

"எனக்கு அவ மூஞ்சி மறந்து பூட்ச்சுக்கா. கொரலு ஞாபகம் கீது. ஓடி வர சத்தம் ஞாபகம் கீது. மூஞ்சின்னு நெனச்சா அந்தப் போஸ்டருதான் வருது, பல்லு ரொம்பின மூஞ்சி. இத்தினி செவுத்துல சொரண்டினேன், இங்க சொரண்ட முடியல"ன்னு நெத்தியைத் தொட்டுக் காட்டினா.

அப்புறம் முதல் பக்கத்தைப் பிரிச்சா. ரொம்ப நேரம் பார்த்தா. "இது அவளாக்கா?"

"அவதான்."

"எனக்குத் தெரியல. நீ சொல்றதுதான். அன்னிக்கு இல்லன்னு சொன்ன. இன்னிக்கு ஆமான்ற."

கோபமாச் சொல்லியிருந்தாலாவது ஏதாவது சொல்லியிருப்பேன். அவ நிஜமாவே தெரியாமத்தான் கேட்டா.

"பேரு எழுது. எல்லாத்துலயும் எழுது"ன்னா.

தரையில உட்கார்ந்து எழுதினேன். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் பொற்கொடி, பொற்கொடின்னு. அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் எழுதி முடிக்க முடிக்க உதயனைப் படிக்கச் சொல்லுவா. அவன் பொற்கொடின்னு படிப்பான். அப்புறம்தான் அவ பக்கத்தைத் திருப்புவா. பத்து, பதினஞ்சு படம் போனதுக்கப்புறம் அவ மூஞ்சி கொஞ்சம் கொஞ்சமா மாறுச்சு. "பம்படிக்கு ஓடறா"ன்னா. "இது உதயனோட ஜட்டி, இவ போட்டுக்கினு நிக்கறா"ன்னா. உதயன் சிரிச்சான். நானும் சிரிச்சேன். மத்தியானம் பூரா எழுதினேன்.

கடைசிப் படம் வந்துச்சு. அது மட்டும்தான் நிதானமா, நிழலெல்லாம் போட்டு முடிச்ச படம். மத்ததெல்லாம் அவ ஓடறதுக்குள்ள நாலு கோட்டுல பிடிச்சது. இதுல என் வாசப்படியில உட்கார்ந்து, கன்னத்தைக் கதவுல சாய்ச்சு, கை ரெண்டையும் மடியில வச்சிருப்பா. நான் எழுதப் போனேன். தனகோடி என் கையைப் பிடிச்சா.

"இது அவ இல்லக்கா."

"நல்லாப் பாரு தனம்."

"பாத்துட்டேன். எம்புள்ள இத்தினி நேரம் சும்மா குந்தாது. இது வேற யாரோ புள்ள. உனக்கு மறந்துருக்கும்."

இத்தனை நேரம் என்னைக் கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டவ, இப்ப என்னைக் கேட்கலை. அவளுக்கே தெரியுது. அந்தத் தாளை மட்டும் மெதுவாக் கிழிச்சு என்கிட்ட நீட்டினா.

அது அவதான்ம்மா. அந்த நவம்பர்ல, காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போன புதன்கிழமைக்கு முந்தின ஞாயித்துக்கிழமை. பின்னாடி தேதி போட்டிருக்கேன். ஒரு மணி நேரம் அசையாம உட்கார்ந்திருந்தா. எனக்கு ஒரே சந்தோஷம். இன்னிக்குத்தான்டி நீ ராணி மாதிரி உட்கார்ந்திருக்கேன்னு சொல்லி ஒரு மிட்டாய் குடுத்தேன். வாங்கிக் கையிலேயே வச்சிருந்தா, வாயில போடலை. ஏன்னு நான் கேட்கலை. படத்தைப் பார்த்துக்கிட்டிருந்தேன்.

"ஆமா தனம், வேற யாரோ பிள்ளைதான்"னேன். தாளை வாங்கி மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு, அஞ்சு மணி ரயில்ல திரும்பிட்டேன்.